கணக்கீட்டு அறிவியலில் எம்.எஸ்சி.: கடலூர்த் தம்பிக்கு ஒரு நீண்ட பதில்

கேள்வியைச் சுருக்கி முதலில் எழுதிவிடுகிறேன். கேட்டவர் கடலூரில் பி.எஸ்சி. கணிதம் மூன்றாம் ஆண்டு படிக்கிறார். “கம்ப்யூட்டேஷனல் சயின்ஸ் என்று ஒரு எம்.எஸ்சி. இருக்கிறதாமே, அது கம்ப்யூட்டர் சயின்ஸ்தானா? எனக்கு புரோகிராமிங் அதிகம் தெரியாது. இடம் கிடைக்குமா, கிடைத்தாலும் தாக்குப்பிடிக்க முடியுமா? ஜெர்மனிக்குப் போ என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இதைப் படித்தால் அரசு வேலை உண்டா என்று அப்பா கேட்கிறார்.” இவ்வளவுதான் கேள்வி.

நான் இருப்பது புதுச்சேரி லாஸ்பேட்டையில். இந்தப் படிப்பைப் படித்து, சில ஆண்டுகள் வெளியூரில் அதே வேலையைப் பார்த்து, இப்போது திரும்பி வந்து பாடம் எடுக்கிறேன். ஆகவே பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள் தம்பி.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். கம்ப்யூட்டர் சயின்ஸ் கணினியையே ஆராய்வது: நிரல் மொழி, தரவுத்தளம், வலையமைப்பு, இயங்குதளம். கம்ப்யூட்டேஷனல் சயின்ஸை நான் கணக்கீட்டு அறிவியல் என்று சொல்கிறேன். இதில் ஆராயப்படும் பொருள் வெளியே இருக்கிறது. புயல், புரதம், பாலத்தின் அதிர்வு, நிலத்தடி நீர் எதுவாகவும் இருக்கலாம். அதைச் சமன்பாடாக எழுதுகிறோம். கையால் தீர்க்க முடியாத அந்தச் சமன்பாட்டைக் கணினியிடம் கொடுத்து, அது தரும் எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம் என்று கணக்குப் போடுகிறோம். கடைசியில் சொன்ன அந்த நம்பிக்கைக் கணக்குதான் படிப்பின் உயிர். கணினி எப்போதும் ஒரு விடை தரும், தெரியாது என்று அது சொல்வதே இல்லை. தப்பான விடையையும் பதினாறு இலக்கத்தில் அழகாக அச்சிட்டுக் கொடுக்கும்.

சொன்னால் புரியாது, செய்தால் புரியும். நோட்டை எடுங்கள். ஒரு இரும்புக் கம்பி. அதில் ஐந்து புள்ளிகள். இரண்டு முனைகளும் எப்போதும் 0 டிகிரி, நடுப்புள்ளி மட்டும் 100, மற்ற இரண்டும் 0. அதாவது 0, 0, 100, 0, 0. வெப்பம் எப்படிப் பரவும் என்று பார்க்க ஒரு விதி: உள்ளே இருக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் இடப்பக்கத்து எண்ணையும் வலப்பக்கத்து எண்ணையும் கூட்டுங்கள், அதிலிருந்து தன் எண்ணின் இருமடங்கைக் கழியுங்கள், வருவதை ஒரு கெழுவால், அதாவது நாம் தேர்ந்தெடுத்த ஒரு பெருக்கெண்ணால், பெருக்கித் தன் பழைய எண்ணோடு சேருங்கள். நேரத்தை எவ்வளவு பெரிய அடியாக எடுத்து வைக்கிறோம், கம்பியை எவ்வளவு நுணுக்கமாக வெட்டியிருக்கிறோம் என்பவற்றைப் பொறுத்து அந்தக் கெழு மாறும்.

கெழு கால் என்று வைத்தால் முதல் அடியில் 0, 25, 50, 25, 0. அடுத்த அடியில் 0, 25, 37.5, 25, 0. நடுவில் ஆறுகிறது, பக்கத்துக்குப் பரவுகிறது. நம் வீட்டுத் தோசைக் கரண்டியும் இப்படித்தான் நடந்துகொள்ளும். சரி, வேலை சீக்கிரம் முடியட்டும் என்று நேர அடியை நாலு மடங்கு நீட்டி, கெழுவை ஒன்று ஆக்குங்கள். முதல் அடி: 0, 100, −100, 100, 0. இரண்டாவது: 0, −200, 300, −200, 0. மூன்றாவது: 0, 500, −700, 500, 0. நூறு டிகிரிக் கம்பி மூன்றே அடியில் எழுநூறு டிகிரி உறைகுளிருக்குப் போய்விட்டது! விதி மாறவில்லை, கூட்டல் கழித்தலில் பிழை இல்லை, நிரலிலும் பிழை இல்லை. கெழு அரையைத் தாண்டக் கூடாது என்ற ஒரு நிபந்தனை மீறப்பட்டது, அவ்வளவே. இதன் மறுபக்கமும் உண்டு. கம்பியை இருமடங்கு நுணுக்கமாக வெட்ட ஆசைப்பட்டால் நேர அடியை நான்கில் ஒன்றாகக் குறைக்க வேண்டும். ஆக வேலை எட்டு மடங்கு. மூன்று பரிமாணத்தில் வளிமண்டலத்தையே வெட்டும்போது என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சூப்பர் கம்ப்யூட்டர் எதற்கு என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இங்கேயே கிடைத்துவிடும்.

இந்த எண்கள் ஏன் வெடித்தன என்று உங்களுக்குள் ஒரு அரிப்பு எழுந்தால் இந்தப் படிப்பு உங்களுக்குத்தான். “சரி, கெழுவைக் குறைத்துவிட்டால் போயிற்று” என்று மட்டும் தோன்றினால் மென்பொருள் துறை நல்ல துறை, அங்கே போங்கள். கிண்டலாகச் சொல்லவில்லை.

இனி, எங்கே சேர்வது?

பெயர்ப் பலகையை வைத்துத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். இந்தியாவில் இதே பெயரில் படிப்புகள் குறைவு. டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே தனிப் பள்ளி இருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கணக்கீட்டு, தரவு அறிவியல் துறை இருக்கிறது, ஆனால் அங்கே எம்.டெக். படிக்க, பொறியியல் முதுநிலைக்கான கேட் தேர்வு வேண்டும். சில ஐ.ஐ.டி.க்களில் ‘கணிதமும் கணக்கீடும்’ என்ற பெயரில் எம்.எஸ்சி. இருக்கிறது, குவாஹாட்டி ஒரு எடுத்துக்காட்டு. சென்னைக்கு வெளியே சிறுசேரியில் சென்னை கணிதவியல் கழகம் தன் சொந்த நுழைவுத் தேர்வை வைத்துத் தரவு அறிவியலிலும் கணிதத்திலும் எம்.எஸ்சி. சேர்க்கிறது. நம் காலாப்பட்டு புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் உயிர்த்தகவலியல், புள்ளியியல், கணிதம், இயற்பியல் என்று பல கதவுகள் இருக்கின்றன. இவற்றில் ஏதாவது ஒன்றின் வழியாக நுழைந்து, விருப்பப் பாடத்தையும் ஆய்வுத் திட்டத்தையும் கணக்கீட்டுப் பக்கமாகத் திருப்பிக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். ஆகவே பெயரைப் பார்க்காமல் பாடத்திட்டத்தைப் பதிவிறக்கிப் படியுங்கள். எண்சார் பகுப்பாய்வு, எண்சார் நேரியல் இயற்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடுகளின் எண்முறைத் தீர்வு, நிகழ்தகவு, இணைக் கணிப்பு (ஒரே கணக்கைப் பல செயலிகளுக்குப் பிரித்துக் கொடுப்பது) ஆகிய ஐந்தில் குறைந்தது மூன்று இருக்க வேண்டும். ஐந்தும் இல்லாமல் வெறும் ‘ஏ.ஐ.’, ‘பிக் டேட்டா’ என்று மட்டும் மினுக்கினால் பக்கத்தை மூடிவிடுங்கள்.

மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு கியூட் முதுநிலைத் தேர்வு. 75 கேள்வி, 300 மதிப்பெண், சரிக்கு நான்கு, தவறுக்கு ஒன்று குறையும். வழக்கமாக டிசம்பர், ஜனவரியில் விண்ணப்பம், மார்ச்சில் தேர்வு. இதில் ஆண்டுதோறும் யாராவது ஒருவர் என்னிடம் வந்து கண் கலங்குகிற விஷயம் ஒன்று இருக்கிறது. தேர்வு எழுதினால் இடம் தானாக வந்துவிடும் என்று நினைத்து வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள். அப்படி வராது. மதிப்பெண் வந்த பிறகு புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைத் தளத்திலும் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனித்தனிப் பதிவு, தனித்தனிக் கடைசித் தேதி.

ஐ.ஐ.டி.க்களுக்கு ஜாம் தேர்வு. செப்டம்பர், அக்டோபரில் விண்ணப்பம், பிப்ரவரியில் தேர்வு, மூன்று மணி நேரம், 100 மதிப்பெண். கணிதம், புள்ளியியல், இயற்பியல் உள்ளிட்ட ஏழு தாள்கள் இருக்கின்றன. மூன்று வகைக் கேள்விகளில் ஒரே விடையைத் தேர்ந்தெடுக்கும் பகுதிக்கு மட்டும்தான் மதிப்பெண் குறைப்பு. எண்ணை நேரடியாகத் தட்டச்சு செய்யும் பகுதிக்குக் குறைப்பு கிடையாது, அதை வெறுமனே விட்டுவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். கியூட்டுக்கும் ஜாமுக்கும் பாடம் பெரும்பாலும் ஒன்றுதான். நேரியல் இயற்கணிதம், மெய்ப் பகுப்பாய்வு, வகைக்கெழுச் சமன்பாடு. உங்கள் கல்லூரிப் பாடத்தையே ஒழுங்காக, கணக்குகளைப் போட்டுப் பார்த்துப் படித்தால் முக்கால் கிணறு தாண்டிவிடலாம்.

கடலூர்க்காரர் என்பதால் இரண்டு விஷயம் தனியாகச் சொல்கிறேன். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சில படிப்புகளில் புதுச்சேரி மாநில மாணவர்களுக்கு 25 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. பெண்ணையாற்றுப் பாலத்துக்குக் கடலூர்ப் பக்கம் இருப்பவர்கள் அதில் வர மாட்டார்கள். அரை மணி பஸ் தூரம், ஆனால் வேறு மாநிலம். அதனால் உங்கள் கட்-ஆஃப் உங்கள் பாகூர் நண்பனின் கட்-ஆஃப் இல்லை. இரண்டாவது, சாதிச் சான்றிதழ். தமிழ்நாட்டின் பி.சி., எம்.பி.சி. சான்றிதழை இங்கே நீட்டினால் செல்லாது. மத்திய அரசு வடிவத்தில், கிரீமி லேயரில் வராதவர் என்று குறிப்பிட்ட ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும். நிரந்தரமான சான்றிதழ் கையில் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள், இது ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கிற சங்கதி. ஏப்ரல் முதல் தேதிக்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும் என்று பல இடங்களில் கேட்பார்கள். ஏப்ரல் முதல் வாரத்திலேயே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். ஜூன் மாதம் எல்லோரும் தாலுகா அலுவலகத்தில் வரிசையில் நிற்கும்போது நீங்கள் வீட்டில் இருக்கலாம்.

அடுத்து ஜெர்மனி. அங்கே இந்தப் படிப்புக்கு நல்ல மரபு இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆகன், எர்லாங்கன், மியூனிக் போன்ற இடங்களில் ஆங்கிலத்திலேயே படிக்கலாம். ஆனால் “ஜெர்மனியில் படிப்பு இலவசம்” என்ற ஒற்றை வரியை நம்பிக் கிளம்பாதீர்கள். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கற்பிப்புக் கட்டணம் இல்லை என்பது உண்மை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் மட்டும் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் 2017 முதல் பருவத்துக்கு 1,500 யூரோ கட்டுகிறார்கள். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024-25 குளிர்காலப் பருவத்திலிருந்து வெளிநாட்டு மாணவர்களிடம் கட்டணம் வாங்கத் தொடங்கிவிட்டது. முதுநிலைக்குப் பருவத்துக்கு 4,000 அல்லது 6,000 யூரோ. பெயர் கேட்டதும் மயங்காமல் கட்டணப் பக்கத்தைப் பாருங்கள்.

கட்டணம் இல்லாவிட்டாலும் வாழ்க்கைச் செலவைக் கையில் வைத்திருப்பதாகக் காட்ட வேண்டும். முடக்கக் கணக்கு என்று ஒன்றைத் திறந்து, 2024 செப்டம்பர் முதல் ஓராண்டுக்கு 11,904 யூரோ போட வேண்டும் என்று விதி. நம் பணத்தில் பத்து லட்சத்துக்கு மேல். பணம் உங்களுடையதுதான், அங்கே போன பிறகு மாதம் 992 யூரோவாக உங்களிடமே திரும்பி வரும். ஆனால் கிளம்பும் முன் ஒரே தவணையில் திரட்ட வேண்டும், வீடுகள் தடுமாறுவது இங்கேதான். அதோடு இந்திய மாணவர்களுக்கு ஏ.பி.எஸ். சான்றிதழ் கட்டாயம். உங்கள் மதிப்பெண் பட்டியல் அசல்தானா என்று ஜெர்மன் தூதரகத்தின் பிரிவு சரிபார்த்துத் தருவது. அது இல்லாமல் விசா கிடையாது. இதற்கு வாரக்கணக்கில் ஆகும் என்பதால் பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு முன்பே தொடங்குங்கள்.

மதிப்பெண் மாற்றும் கணக்கைப் பலர் கவனிப்பதில்லை, எனக்கு அதில் தனிப் பிரியம். ஜெர்மனியில் 1 என்பது உச்சம், 4 என்பது தேர்ச்சிக் கோடு. நம் மதிப்பெண்ணை மாற்ற ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். உச்ச மதிப்பெண்ணிலிருந்து நீங்கள் வாங்கியதைக் கழியுங்கள். உச்சத்துக்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தால் அதை வகுங்கள். மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள். நீங்கள் 81 விழுக்காடு, தேர்ச்சி 40 என்றால் பத்தொன்பதை அறுபதால் வகுத்து, கடைசியில் 1.95. அதே 81, ஆனால் தேர்ச்சி 50 என்று எடுத்துக்கொண்டால் 2.14. சில இடங்களில் 2.0 என்பதே கோடு. ஆக உங்கள் கல்லூரியில் தேர்ச்சி மதிப்பெண் 40 என்பது மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தில் அச்சாகியிருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள். இல்லையென்றால் பல்கலைக்கழகத் தேர்வுத் துறையிடம் ஒரு கடிதம் வாங்கி இணையுங்கள். அந்த ஒரு தாளுக்கு 0.19 மதிப்பு இருக்கிறது.

அமெரிக்காவைப் பற்றி ஒரே வரி: பல பல்கலைக்கழகங்கள் நான்காண்டு இளநிலைப் பட்டம் கேட்கும், மூன்றாண்டு பி.எஸ்சி.யோடு போவது சுற்று வழி.

பிரான்சைச் சொல்லாமல் விட்டால் புதுச்சேரிக்காரன் என்ற பெயருக்கு இழுக்கு. அங்கே அரசுப் பல்கலைக்கழகங்களில் 2019 முதல் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு முதுநிலைக் கட்டணம் ஆண்டுக்கு ஏறக்குறைய 3,800 யூரோ என்று உயர்த்தினார்கள், உள்நாட்டவருக்கு 250 யூரோ அளவில்தான். ஆனால் பல பல்கலைக்கழகங்கள் இந்தக் கூடுதலைத் தாங்களே தள்ளுபடி செய்துவிடுகின்றன, கேட்டுப் பார்க்க வேண்டும். எங்கள் தெருவில் தாத்தா காலத்துப் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீட்டுப் பிள்ளைகள் 250 யூரோவில் படித்துவிட்டு வருகிறார்கள். உங்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை, பொறாமைப்படலாம், தப்பில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் கூட்டுப் படிப்புகளில் உதவித்தொகை கிடைத்தால் மாதம் 1,400 யூரோ, கட்டணமும் இல்லை. போட்டி கடுமை, ஆனால் விண்ணப்பிக்கக் கட்டணம் பெரும்பாலும் கிடையாது. போட்டு வையுங்கள். ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசும் ஒன்றிய அரசும் அயல்நாட்டுப் படிப்புக்கு உதவித்தொகை தருகின்றன, உங்கள் நண்பர்களில் யாருக்காவது பொருந்தினால் சொல்லுங்கள். பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை.

ஏஜென்சி வேண்டுமா? என் அனுபவத்தைச் சொல்கிறேன். நான் விண்ணப்பித்த காலத்தில் நகரத்தில் ஒரு ஏஜென்சிக்குப் பணம் கட்டினேன். ஏன் இந்தப் படிப்பு வேண்டும் என்று நாம் எழுத வேண்டியதுதான் நோக்கக் கடிதம். அவர்கள் எனக்கு எழுதித் தந்த நோக்கக் கடிதத்தில் “சிறு வயது முதலே கணினி மீது தீராத காதல்” என்று தொடக்கம். நான் முதன்முதலில் கணினியைத் தொட்டது கல்லூரி இரண்டாம் ஆண்டில். அதே கடிதம், அதே காதல், என்னோடு விண்ணப்பித்த இன்னொருவருக்கும் போயிருந்தது. இரண்டு பேரும் ஒரே பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியிருந்தோம். இரண்டு பேருக்கும் இடம் இல்லை. அடுத்த ஆண்டு நானே உட்கார்ந்து எழுதினேன், கிடைத்தது.

நோக்கக் கடிதத்தில் உங்களைப் பற்றிய பெருமை வேண்டாம், நீங்கள் செய்து பார்த்த ஒன்று வேண்டும். சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. இந்த ஊரிலேயே பொருள் கொட்டிக் கிடக்கிறது. 2011 டிசம்பர் 30 அதிகாலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே தானே புயல் கரை ஏறியது, பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பிறகு நகராமல் அங்கேயே நின்றுகொண்டது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது, ரெயின்போ நகரில் படகில் போய் ஆட்களை மீட்டார்கள். புயல் எங்கே வரும் என்று சொல்ல முடிந்தது, வந்த பிறகு எவ்வளவு நேரம் நிற்கும் என்று சொல்வது ஏன் அவ்வளவு கடினம்? இப்படி ஒரு கேள்வி உங்கள் கடிதத்தின் முதல் வரியாக இருந்தால் படிக்கிறவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்.

பிறகு கேள்வியோடு நிற்காமல் கொஞ்சம் வேலை செய்யுங்கள். இந்திய வானிலை ஆய்வுத் துறை 1901 முதல் நாடு முழுவதற்கும் நாள்வாரி மழை அளவைக் கட்டம் கட்டமாகப் பிரித்து இலவசமாகத் தருகிறது. ஒரு கட்டத்தின் பக்கம் கால் பாகை, அதாவது ஏறக்குறைய 27 கிலோமீட்டர். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் உள்ள தூரமே அவ்வளவு இல்லை. மஞ்சக்குப்பத்தில் குடை பிடித்துக்கொண்டு பஸ் ஏறி, முத்தியால்பேட்டையில் வெயிலில் இறங்கிய நாள் உங்களுக்கும் இருந்திருக்கும். அந்த வித்தியாசத்தை இந்தக் கட்டங்கள் எவ்வளவு காட்டுகின்றன, எவ்வளவு மழுப்புகின்றன? கடலூர் கட்டத்தின் வடகிழக்குப் பருவமழையை மட்டும் எடுத்து, ஒரு நாளில் பத்து சென்டிமீட்டரைத் தாண்டிய நாட்களைப் பத்தாண்டு வாரியாக எண்ணி ஒரு படம் போடுங்கள். பைத்தானில் நாற்பது வரி. இரண்டு வாரம் பிடிக்கும், ஏனென்றால் முதல் பத்து நாள் கோப்பைத் திறக்கவே போராடுவீர்கள். அந்தப் போராட்டத்தையும் ஒரு வரியில் எழுதுங்கள். “விடுபட்ட அளவுகளுக்கு −999 என்று போட்டிருந்ததை மழை என்று நினைத்துக் கூட்டிவிட்டேன், சராசரி எதிர்ம எண்ணாக வந்தபோதுதான் விழித்தேன்” என்று என் மாணவி ஒருத்தி எழுதியிருந்தாள். கடிதத்திலேயே நல்ல வரி அதுதான் என்று அவளிடம் சொன்னேன்.

பரிந்துரைக் கடிதம் இன்னொரு நெருடல். “நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்” என்று சொல்லும் பேராசிரியர்கள் நம் பக்கத்தில் அதிகம். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், ஒரு வகுப்பில் அறுபது பேர். எழுத வேண்டியதை நீங்களே கட்டுரையாக எழுதிக் கொடுக்காமல், ஒரு தாளில் குறிப்பாகக் கொடுங்கள்: அவருடைய எந்தப் பாடத்தில் என்ன கேட்டீர்கள், என்ன செய்தீர்கள் என்று. அதை வைத்து அவரே அரைப் பக்கம் எழுதினாலும் அதில் அவர் குரல் இருக்கும். இன்னொன்று, வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவும் பேராசிரியரின் கல்லூரி மின்னஞ்சலைத்தான் கேட்கின்றன. ஜிமெயில் தவிர வேறு முகவரி இல்லாத ஆசிரியர்கள் இங்கே நிறைய. அவருக்குக் கல்லூரி முகவரி இருக்கிறதா என்று ஆகஸ்டிலேயே கேட்டு வையுங்கள்.

படிப்பு எப்படி இருக்கும்? முதல் பருவம் முட்டும். கணிதம் படித்து வந்தவர்களுக்கு நிரல் முட்டும், பொறியியல் படித்து வந்தவர்களுக்கு நிரூபணம் முட்டும். எல்லோருக்கும் ஏதோ ஒன்று முட்டும் என்பதால் அதை உங்கள் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். புரோகிராமிங் தெரியாது என்றீர்கள். நிரல் எழுதும் பழக்கம் ஆறு மாதத்தில் வந்துவிடும், அணியின் (மேட்ரிக்ஸின்) ஐகன் மதிப்பு என்றால் என்ன என்பது ஆறு மாதத்தில் வராது. அது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். தளத்தில் எண்சார் பகுப்பாய்வு, பைத்தான் இரண்டும் இலவசம், சான்றிதழ் வேண்டுமென்றால்தான் தேர்வுக்குப் பணம்.

இப்போதே பழைய மடிக்கணினி ஒன்றில் லினக்ஸ் போட்டுப் பழகுங்கள். விலையுயர்ந்த கேமிங் லேப்டாப் வாங்க வீட்டில் நச்சரிக்க வேண்டாம். பெரிய கணக்கெல்லாம் துறையின் சர்வரில்தான் ஓடும், உங்கள் கையில் இருப்பது வெறும் வாசல். ஃபோர்ட்ரான் என்ற பெயரைக் கேட்டால் சிரிக்காதீர்கள். 1957-இல் வந்த மொழி, உங்கள் தாத்தா வயது. உலகின் வானிலை மாதிரிகள் பலவும் இன்றும் அதில்தான் ஓடுகின்றன.

இணைக் கணிப்புப் பாடத்தில் ஆம்டால் விதி என்று ஒன்று வரும், 1967-இல் சொன்னது. கல்யாண வீட்டுச் சமையலை நினைத்துக்கொள்ளுங்கள். காய் நறுக்க ஒருவருக்குப் பதில் முப்பது பேரைப் போடலாம். ஆனால் சாம்பார் கொதிக்க வேண்டிய நேரத்தை முப்பது பேர் சுற்றி நின்றாலும் குறைக்க முடியாது. மொத்த வேலையில் பத்தில் ஒரு பங்கு இப்படிப் பிரிக்க முடியாதது என்றால், ஆயிரம் செயலிகளைக் கொடுத்தாலும் வேகம் பத்து மடங்கைத் தாண்டாது. சூப்பர் கம்ப்யூட்டர் கிடைத்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நினைத்துச் சேருகிறவர்கள் வாய் அடைத்துப்போகும் வகுப்பு இது.

ஒப்படைப்புகளை நண்பனிடமிருந்தோ ஏ.ஐ. கருவியிடமிருந்தோ வாங்கி ஒப்பேற்றலாம், இப்போது அது மிக எளிது. நிரல் ஓடும், படமும் வரும். ஆனால் வாய்மொழித் தேர்வில் “இந்த வளைகோடு ஏன் இங்கே நெளிகிறது?” என்று ஒரு கேள்வி வரும், அங்கே மாட்டிக்கொள்வீர்கள். கம்பிக் கணக்கைக் கையால் போடச் சொன்னதும் இதற்காகத்தான். ஒவ்வொரு நிரலையும் முதலில் விடை தெரிந்த சின்னக் கணக்கில் ஓட்டிப் பார்த்த பிறகே பெரிய கணக்குக்குப் போக வேண்டும். எங்கள் துறையில் இந்தப் பழக்கம் இல்லாதவர்களை ஒரு பருவத்திலேயே அடையாளம் கண்டுவிடுவோம்.

கடைசியாக, அப்பாவின் கேள்வி. அது நியாயமான கேள்வி, மழுப்ப மாட்டேன். பள்ளி ஆசிரியர், கல்லூரி உதவிப் பேராசிரியர் ஆகிய அரசுப் பணிகள்தான் குறி என்றால், பட்டத்தின் பெயர் முக்கியம். உதவிப் பேராசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் கணக்கீட்டு அறிவியல் என்ற பெயரில் தனித் தாள் இல்லை. கணிதத்திலோ இயற்பியலிலோ கணினி அறிவியலிலோ எழுத வேண்டும். பணி நியமனத்தின்போது உங்கள் பட்டம் அந்தப் பாடத்துக்கு இணையானது என்று அரசாணை காட்டச் சொன்னால் அலைச்சல்தான். அந்தப் பாதை வேண்டுமென்றால் எம்.எஸ்சி. கணிதம் என்ற பெயரிலேயே பட்டம் வாங்கி, உள்ளே கணக்கீட்டுப் பாடங்களை எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம். ஆராய்ச்சியும் தனியார் துறையும் என்றால் பெயர் பெரிதில்லை. ஹைதராபாத்தில் கடல்சார் தகவல் மையம், நொய்டாவில் வானிலை முன்கணிப்பு மையம், புனேயில் வெப்பமண்டல வானிலை நிறுவனம் எல்லாம் இந்தத் திறமையைத் தேடுகின்றன. சென்னையைச் சுற்றியுள்ள வாகன வடிவமைப்பு நிறுவனங்களுக்கும் காற்றோட்டம், அதிர்வு என்று கணக்குப் போட ஆள் தேவை. சம்பளத்தில் ஐ.டி. நண்பனை முதல் மூன்று ஆண்டில் முந்த மாட்டீர்கள் என்பதையும் அப்பாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. அந்தக் கம்பிக் கணக்கை மறுபடி எடுத்து, கெழுவைச் சரியாக அரை என்று வைத்து நான்கு அடி போடுங்கள். எண்கள் வெடிக்காது. ஆனால் நடுப்புள்ளியில் வெப்பம் ஓர் அடியில் காணாமல் போய் அடுத்த அடியில் திரும்பி வரும். நிபந்தனை மீறப்படவில்லை, இருந்தும் எந்த இரும்புக் கம்பியும் இப்படி நடந்துகொள்ளாது. ஏன் என்று உங்களுக்குத் தோன்றுவதை அரைப் பக்கம் எழுதி அனுப்புங்கள், தப்பாக இருந்தாலும் சரி. அதைப் பார்த்துவிட்டு ஜாமா, கியூட்டா, ஜெர்மனியா என்று பேசலாம்.